இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகும் வரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் ஒருவர், தம் தந்தையின் அறுவை சிகிச்சைக்காக ரத்த வங்கிக்குச் சென்றபோது பட்ட அலைச்சலை எழுதியிருந்தார். தந்தையின் ஓட்டுநர் உரிமத்தில் ‘ஏபி பாசிட்டிவ்’ என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும் ரத்த வங்கியினர் அதை ஏற்கவில்லை என்றும், வார்டுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் ரத்த மாதிரி எடுத்து வரச் சொன்னார்கள் என்றும், ‘குரூப் ஒத்துவரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் விளக்காமல் மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டுக் கடைசியில் ‘ஓ’ பிரிவு ரத்தத்தைக் கொடுத்தனுப்பினார்கள் என்றும் அவர் வருந்தியிருந்தார். ரத்த வகையைக்கூடக் கண்டறியத் தெரியாதவர்கள் ரத்த வங்கி நடத்தலாமா என்ற கேள்வியோடு அக்கடிதம் முடிந்திருந்தது.

அரசு மருத்துவமனை ரத்த வங்கிகளில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்த மகனுடைய பதற்றத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை; ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்தே என் இரவுப் பணிகள் கழிந்திருக்கின்றன. அவருக்கு உரிய விளக்கம் தரப்படவில்லை என்பது குறைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் குறையாகச் சொல்லும் அந்த மூன்று மணி நேரத்தில்தான் அவருடைய தந்தையின் உயிருக்கான பாதுகாப்பு இருந்தது என்று உறுதியாக நம்புகிறேன். ஜன்னலுக்கு உள்ளே அந்நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பத்தால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்தருளவும்.

ரத்த வகையைக் கண்டறிவது ஒரே சோதனை என்றுதான் பெரும்பாலானோர் எண்ணுகிறார்கள். ஆனால் ரத்த வங்கியில் ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு சோதனைகள் செய்தாக வேண்டும். முதலாவது, நோயாளியின் சிவப்பணுக்களை எடுத்து, நீல நிறமுள்ள ஆன்டி-ஏ, மஞ்சள் நிறமுள்ள ஆன்டி-பி, நிறமற்ற ஆன்டி-டி ஆகிய மருந்துகளோடு தனித்தனியே கலந்து, எதில் அணுக்கள் திரள்கின்றன என்று பார்ப்பது. இதை நாங்கள் செல் குரூப்பிங் என்போம். இரண்டாவது, அதே நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை எடுத்து, வகை தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பது. இது சீரம் குரூப்பிங். 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்து சொன்ன உண்மையே இவ்விரண்டையும் இணைக்கிறது: ஒருவருடைய செல்லின் மேற்பரப்பில் ஏ ஆன்டிஜென் என்ற அடையாளப் பொருள் இல்லையென்றால் அவருடைய சீரத்தில் அதைத் தாக்கும் ஆன்டிபாடியான ஆன்டி-ஏ இருக்கும், பி இல்லையென்றால் ஆன்டி-பி இருக்கும். ஏ வகையினர் சீரத்தில் ஆன்டி-பி. பி வகையினர் சீரத்தில் ஆன்டி-ஏ. ஓ வகையினருக்கு இரண்டும் உண்டு. ஏபி வகையினருக்கு இரண்டும் இல்லை. ஆகவே செல் ஒரு பதிலைச் சொல்ல, சீரமும் தனியே நின்று அதே பதிலைச் சொல்ல வேண்டும். ஒரே குழாய் ரத்தத்திலிருந்து, ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு சாட்சியங்கள் கிடைப்பது மருத்துவச் சோதனைகளில் அரிது. சாட்சியங்கள் முரண்பட்டால் எது உண்மை என்று தெரியும்வரை அந்த நோயாளியின் பெயருக்கு நேரே எந்தக் குரூப்பையும் எழுதக் கூடாது என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. நம் நாட்டு ரத்த வங்கித் தர நெறிகளும் இவ்விரண்டு சோதனைகளையும் சேர்த்தே கேட்கின்றன.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், ஏபிஓ பொருந்தாத ரத்தம் உடலில் ஏறினால் ஏற்படும் விளைவு அத்தகையது. நோயாளியின் சீரத்தில் முன்கூட்டியே ஆயத்தமாக நிற்பதுபோல் இருக்கும் அந்த ஆன்டிபாடிகள், ஏற்றப்பட்ட சிவப்பணுக்களை ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைத்துச் சிதைக்கின்றன. சில மில்லிலிட்டர்கள் ஏறிய உடனேயே குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் தொடங்கலாம். சிறுநீர் கறுத்துப் போகும். ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் செயலிழந்து, ரத்தம் உறையும் தன்மையே குலைந்து உயிர் போகவும் கூடும். மயக்க மருந்தில் இருக்கும் நோயாளியோ வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் பதினைந்து நிமிடங்கள் செவிலியர் படுக்கையருகே நிற்க வேண்டும் என்ற விதி இதனால் வந்ததே.

இனி, இரண்டு சோதனைகளும் ஒத்துப்போகாதபோது என்ன செய்கிறோம் என்பதற்கு வருகிறேன். நாங்கள் முதலில் சந்தேகிப்பது எங்களைத்தான். சீரம் விடாமலே குழாயைச் சுழற்றிவிட்டோமா, செல் சஸ்பென்ஷன் எனும் செல் கலவை அளவுக்கு மீறி அடர்த்தியாகிவிட்டதா, குழாயைச் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் கூடுதல் நேரம் ஓடியதா, மருந்துக் குப்பி கெட்டுப்போனதா, செல்கள் திரளாமல் உடைந்து கரைந்ததைத் திரளவில்லை என்று படித்துவிட்டோமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிறகு செல்களைச் சலைன் என்ற உப்பு நீரில் பலமுறை கழுவி, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்வோம். முரண்பாடுகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் புதிய மாதிரி கேட்போம். வாசகரின் தந்தையிடம் இரண்டாம் முறை ரத்தம் எடுத்தது இதனால்தான்.

மாதிரி மாறிப்போவதைப் பற்றி இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் பணிக்காலத்தில் என்னை மிக அதிகமாகக் கலங்கவைத்த நிகழ்ச்சி அது தொடர்பானது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் மற்றவருக்குக் கணவர் பெயரின் முதலெழுத்தும் இனிஷியலாக எழுதப்பட்டிருந்தன. தாய்வீட்டு அட்டையில் ஓர் இனிஷியலும் மருத்துவமனைக் கேஸ் ஷீட்டில் வேறோர் இனிஷியலும் இருப்பது நம் பெண்களுக்குப் புதிதன்று. இருவரிடமும் ரத்தம் எடுத்தவர் படுக்கையருகே நின்று லேபிள் எழுதாமல், மேசைக்கு வந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எங்களுக்கு வந்த குழாயில் செல் குரூப்பிங்கும் சீரம் குரூப்பிங்கும் கனகச்சிதமாக ஒத்துப்போயின. இரண்டுமே பி பாசிட்டிவ் என்றன. ஆனால் அந்தப் பெண்ணுக்கு முதல் பிரசவத்தின்போது எங்கள் பதிவேட்டிலேயே ஓ பாசிட்டிவ் என்று எழுதப்பட்டிருந்தது. பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், ஓ வகைப் பெண்ணுக்கு பி ரத்தம் போயிருக்கும். முழுக்கவே வேறொருவருடைய ரத்தம் குழாயில் இருந்தால் இரண்டு சோதனைகளும் ஒற்றுமையாகத்தான் பேசும். எந்த நுட்பமும் அதைக் காட்டிக்கொடுக்காது. பழைய பதிவு ஒன்று அல்லது தனியே வேறொரு நேரத்தில் எடுத்த இரண்டாம் மாதிரி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனில் குரூப் பற்றிய பழைய பதிவு இல்லாத நோயாளிக்கு இரண்டாம் மாதிரி எடுத்து உறுதிசெய்த பிறகே அவருடைய குரூப்பைச் சேர்ந்த ரத்தத்தை வழங்குவது நெறிமுறையாகவே ஆக்கப்பட்டிருக்கிறது. இங்கே இரண்டாம் முறை ரத்தம் கேட்டால், முதல் முறை எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று சண்டைக்கு வருகிறார்கள்.

சரி, மாதிரியும் சரி, வேலையும் சரி, முரண்பாடு மட்டும் நிற்கிறது என்றால் காரணம் நோயாளியின் உடலிலேயே இருக்கிறது. அப்போது எங்களுக்குத் தேவைப்படுவது அவருடைய வரலாறு. வயது என்ன, நோய் என்ன, கடந்த மூன்று மாதங்களில் ரத்தம் ஏற்றினார்களா, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்ததா என்பதை அறியாமல் இந்தப் புதிரை அவிழ்க்க முடியாது. ரத்தம் கேட்டு வார்டிலிருந்து வரும் படிவத்தில் இவற்றுக்கெல்லாம் இடம் இருக்கிறது. நான் பார்த்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் அந்த இடம் வெற்றாகவே இருந்தது, அல்லது குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது.

எண்பது வயதைத் தாண்டிய முதியவருக்குச் சீரத்தில் ஆன்டிபாடி மெலிந்து போயிருக்கலாம். செல் அவரை ஏ என்று சொல்லும். சீரமோ பி செல்லைத் திரட்டாமல் அவரை ஏபி போலக் காட்டும். குழாயை அரை மணி நேரம் அறை வெப்பத்திலோ, தேவைப்பட்டால் 4 டிகிரிக் குளிரிலோ வைத்துவிட்டு மீண்டும் சுழற்றினால் மெலிந்த ஆன்டிபாடி தலைகாட்டும். ஆனால் குளிரில் வைக்கும்போது ஓ செல்லையும், நோயாளியின் சொந்தச் செல்லும் சீரமும் சேர்ந்த குழாயையும் கூடவே வைத்தாக வேண்டும், இல்லையென்றால் குளிரால் வந்த பொய்த் திரளலை மெய்யென்று நம்பிவிடுவோம். பிறந்த குழந்தைக்கோ சொந்த ஆன்டிபாடி உருவாகவே நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும் என்பதால் அதற்குச் சீரம் குரூப்பிங் செய்வதில் பொருளில்லை. மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் உள்ளவரின் சீரத்தில் புரதம் மிகுந்து, சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கி வைத்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு அது திரளல் போலவே தெரியும். சீரத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சலைனை விட்டால் காசடுக்கு கலைந்துவிடும், மெய்யான திரளல் கலையாது. குளிரில் மட்டும் விழித்துக்கொள்ளும் ஆன்டிபாடி தன் சொந்தச் செல்லையே பற்றிக்கொண்டிருக்கும் நோயாளிகளும் உண்டு. அவர்களுடைய ரத்தம் எல்லா மருந்தோடும் எல்லாச் செல்லோடும் திரண்டு நிற்கும். 37 டிகிரிக்குச் சூடாக்கிய சலைனில் செல்களைக் கழுவிய பிறகே உண்மை வெளிவரும். ரத்தப் புற்றுநோயில் ஏ ஆன்டிஜென் மங்கிப்போய் ஏ வகையினர் ஓ போலத் தோன்றுவதும், குடல் புற்றுநோயோ குடல் அடைப்போ உள்ள சிலரிடம் பாக்டீரியாவின் நொதி ஏ ஆன்டிஜெனை உருமாற்றிவிடுவதால் ஏ வகையினர் ஏபி போலத் தோன்றுவதும் நடக்கும். பின்னதில் செல்லை மட்டும் நம்பி ஏபி ரத்தம் கொடுத்தால், அவருடைய சீரத்தில் உயிர்ப்போடு இருக்கும் ஆன்டி-பி அந்த ரத்தத்தை விட்டுவைக்காது.

வாசகரின் தந்தைக்கு என்ன இருந்தது என்பதைச் சோதித்தவர்களே அறிவார்கள். ஆனால் ‘ஏபி’ என்று அட்டையில் இருந்தும் ரத்த வங்கியில் ஒத்துவராமல் போவதற்கு நாங்கள் அவ்வப்போது காணும் ஒரு காரணம் உண்டு. ஏ வகையிலேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் இருக்கின்றன. ஏ2 வகையினர் செல்லில் ஏ ஆன்டிஜென் குறைவு. ஏ2பி வகையினரில் கணிசமானோருக்குச் சீரத்தில் ஆன்டி-ஏ1 என்ற ஆன்டிபாடி தோன்றுவதால், செல் குரூப்பிங்கில் ஏபி என்று வந்தவர் சீரம் குரூப்பிங்கில் ஏ செல்லைத் திரட்டி பி போல நடந்துகொள்வார். இதைத் தீர்த்துவைப்பது நம் வீட்டுக் கொள்ளு என்று சொன்னால் பலர் வியப்படைவார்கள். கொள்ளு விதையிலிருந்து எடுக்கும் லெக்டின் என்ற புரதம், உரிய அளவில் நீர்க்கச் செய்தால், ஏ1 செல்களைத் திரட்டும், ஏ2 செல்களைத் திரட்டாது; 1950-களின் தொடக்கத்தில் பேர்டு என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்தார், இன்றும் உலகெங்கும் ரத்த வங்கிகளில் இது பயன்படுகிறது. நோயாளியின் செல் கொள்ளு லெக்டினோடு திரளாமல், அவருடைய சீரம் ஏ1 செல்லைத் திரட்டி ஏ2 செல்லை விட்டுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. அடுத்து அந்த ஆன்டிபாடி 37 டிகிரியிலும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். செய்தால் ஏ1 ரத்தம் அவருக்கு ஆகாது. இத்தனையும் செய்து முடிக்க ஓரிரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், அதுவும் லெக்டினும் ஏ2 செல்லும் கையிருப்பில் இருந்தால். அதற்குள் அறுவை சிகிச்சைக்கு நேரமாகிவிட்டால், கிராஸ்மேட்ச் செய்த, அதாவது நோயாளியின் சீரத்தோடு சேர்த்துப் பொருத்தம் பார்த்த, ஓ பிரிவுச் சிவப்பணுக்களைக் கொடுப்பதுதான் முறை. அந்த ரத்த வங்கியினர் செய்ததும் அதுவே.

ஓ எல்லோருக்கும் பொருந்துமே, பின் எதற்கு இவ்வளவு பாடு, முரண்பாடு என்றால் ஓ-வைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று சில மருத்துவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் எப்போதும் பம்பாய் குரூப் பற்றியது. 1952-இல் மும்பையில் மருத்துவர் பெண்டேயும் அவருடைய சகாக்களும் ‘லான்செட்’ இதழில் உலகுக்கு அறிவித்த வகை இது. ஏ, பி ஆன்டிஜென்கள் உருவாவதற்கு அடித்தளமாக இருப்பது ஹெச் என்ற பொருள். ஓ வகையினர் செல்லில் அது நிறைய உண்டு. பம்பாய் வகையினருக்கு அந்த ஹெச்சே கிடையாது. ஆகவே செல் குரூப்பிங்கில் அவர்கள் ஓ போலவே தோன்றுவார்கள், ஆனால் சீரத்தில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி ஆகியவற்றோடு வலிமையான ஆன்டி-ஹெச்சும் இருப்பதால் ஓ ரத்தமே அவர்களுக்கு நஞ்சாகிவிடும். பம்பாய் வகையினருக்குப் பம்பாய் வகையினர் மட்டுமே கொடுக்க முடியும். இந்தியாவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவர் என்றும் ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்றும் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் பண்பு என்பதால் நெருங்கிய உறவுத் திருமணங்கள் உள்ள குடும்பங்களில் இது தென்பட வாய்ப்பு கூடுதல். தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம் மாநிலத்தில் இதை யாருக்கோ நடக்கும் அபூர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அப்படி ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை அறுவைக்காக வந்தவர், பள்ளிக்கூட நாளிலிருந்து ஓ பாசிட்டிவ் என்றே எழுதி வந்தவர். செல் குரூப்பிங்கில் எந்தச் சந்தேகமும் இல்லை. சீரம் குரூப்பிங்கில் ஏ செல்லும் பி செல்லும் மட்டுமன்றி ஓ செல்லும் கல்லுப் போலத் திரண்டு நின்றது. அவருடைய சொந்தச் செல்லும் சீரமும் இருந்த குழாய் மட்டும் தெளிவாக இருந்தது. பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மேல்நிலை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி பம்பாய் என்று உறுதியானது. அறுவையை மருத்துவர்கள் தள்ளிவைத்தார்கள். இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் பெண்ணைத் தேற்றினார்கள். உடன்பிறந்தவர்களை வரவழைத்துச் சோதித்ததில் ஒரு தம்பியும் அதே வகை என்று தெரிந்து, அவருடைய ரத்தத்தை வைத்துக்கொண்டு அறுவை நடந்தது. அன்று சீரம் குரூப்பிங் தட்டில் ஓ செல் வைக்கவில்லையென்றால் முடிவை ஓ பாசிட்டிவ் என்றே எழுதியிருப்பேன். செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்த ஏ செல், பி செல்லோடு நிறுத்திக்கொள்ளும் இடங்கள் உண்டு என்பதை அறிந்தே இதை எழுதுகிறேன். கிராஸ்மேட்ச் செய்யும்போது தெரிந்துவிடும் என்று அவர்கள் சொல்லலாம்; கிராஸ்மேட்ச் செய்ய அவகாசமில்லாத நள்ளிரவு அவசரத்தில் என்ன செய்வார்கள்?

பாசிட்டிவ், நெகட்டிவ் விஷயத்திலும் ஒரு குழப்பம் மக்களிடையே உண்டு. பாசிட்டிவா நெகட்டிவா என்பதைத் தீர்மானிக்கும் டி ஆன்டிஜென் மிகவும் மெலிந்து காணப்படும் சிலரை, அவர்கள் ரத்தம் கொடுக்கும்போது பாசிட்டிவ் என்றும், அவர்களுக்கே ரத்தம் தேவைப்படும்போது நெகட்டிவ் என்றும் கருதுவது ரத்த வங்கிகளின் வழக்கம். நம்மிடையே நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் உள்ள நெகட்டிவ் வகையினருக்கு அந்த மெலிந்த டி-யும் போய்ச் சேரக் கூடாது என்பதும், அவர்களே நோயாளியாகும்போது முழு டி உள்ள ரத்தம் அவர்களுக்குள் ஆன்டிபாடியைத் தூண்டிவிடக் கூடாது என்பதும் காரணம். கொடையாளர் அட்டையில் ஒன்றும் மருத்துவமனைச் சீட்டில் மற்றொன்றும் இருப்பதைப் பார்த்து யாரோ தவறிழைத்துவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

அட்டைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். பள்ளி அடையாள அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் நாம் எழுதும் குரூப், பெரும்பாலும் முகாமிலோ சிறிய பரிசோதனை நிலையத்திலோ கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்த செல் குரூப்பிங் மட்டுமே. மெலிந்த திரளல் தகட்டில் தெரியாமல் போகும், தகடு காய்ந்துவிட்டால் இல்லாத திரளல் இருப்பதுபோலத் தோன்றும், சீரத்தை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். சிலர் தம் பிள்ளைகளின் படிவத்தில் தங்கள் குரூப்பையே ஊகமாக எழுதிவிடுவதையும் கண்டிருக்கிறேன். கொடையாளரைத் தேடிப் பிடிக்க அட்டை உதவும். ரத்தம் ஏற்றுவதற்கு அதை எந்த ரத்த வங்கியும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. கொள்ளும் ரத்த வங்கி இருந்தால் அங்கே ரத்தம் பெறுவதற்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

காத்திருக்கச் சொல்வதால் நோயாளி ரத்தமின்றிச் சாகட்டும் என்று விட்டுவிடுவதாகப் பொருளில்லை. விபத்திலோ பிரசவத்திலோ ரத்தப் பெருக்கு இருந்தால், பொறுப்பு மருத்துவர் எழுத்தில் கேட்டவுடன் ஓ பிரிவுச் சிவப்பணுக்களைக் கொடுத்துவிட்டே ஆய்வைத் தொடர்வோம். சிறுமிகளுக்கும் குழந்தைபெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் இயன்றவரை ஓ நெகட்டிவ், பிளாஸ்மா தேவையென்றால் ஏபி. ஆனால் முதல் பையை ஏற்றுவதற்கு முன்பே ஒரு மாதிரி எடுத்து வைத்துவிட வேண்டும். ஓ ரத்தம் நாலைந்து பை ஏறிய பிறகு எடுக்கும் மாதிரியில் இரண்டு வகைச் செல்களும் கலந்து நின்று, அவருடைய சொந்தக் குரூப்பைக் கண்டறிவது பெரும்பாடாகிவிடும்.

அரசிடமும் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. இரவில் ஒற்றை நுட்புநரை உட்காரவைத்து, கொடையாளரைக் கவனிக்கவும் குரூப் பார்க்கவும் கிராஸ்மேட்ச் செய்யவும் ஜன்னலில் பதில் சொல்லவும் அவரையே விடும் நிலை மாற வேண்டும். அந்த மகனுக்கு விளக்கம் கிடைக்காமல் போனதற்கு இதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஓ செல் உள்ளிட்ட மூன்று செல்களும் அன்றன்று தரம் பார்த்து வைக்கப்படுவதையும், கொள்ளு லெக்டினும் ஆன்டி-ஹெச்சும் மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். சிறிய ரத்த சேமிப்பு மையத்தில் முரண்பாடு வந்தால் மாதிரியை எந்த மருத்துவக் கல்லூரிக்கு, எந்த வண்டியில், யாரிடம் அனுப்புவது என்பது சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அது அவரவர் பழக்கத்தையும் தொலைபேசியில் யார் கிடைக்கிறார்கள் என்பதையும் பொறுத்திருந்தது. மும்பையில் 1957-இல் ரத்த வகை ரெஃபரன்ஸ் மையமாகத் தொடங்கி இன்று தேசிய இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனமாக வளர்ந்திருக்கும் அமைப்பு மிகச் சிக்கலான மாதிரிகளை ஆராய்வதோடு அரிய வகைக் கொடையாளர் பதிவேட்டிலும் ஈடுபட்டிருக்கிறது. நம் மாவட்டங்களில் கண்டறியப்படும் பம்பாய் வகையினர் ஒவ்வொருவரையும் அதில் சேர்க்கும் பொறுப்பை யாராவது ஒருவர் பெயருக்கு ஒதுக்க வேண்டும். 2012 டிசம்பரில் தொடங்கிய தேசிய ஹீமோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு ரத்தம் ஏற்றியதால் வரும் எதிர்விளைவுகளைத் தெரிவிக்க வழியிருக்கிறது. தெரிவித்தால் தண்டனை வரும் என்ற அச்சத்தைப் பணியாளர்களிடமிருந்து நீக்கினால்தான் அறிக்கைகள் வரும்.

பொதுமக்களும் உதவலாம். முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால், எந்த மாதம், எங்கே, எத்தனை பை என்று சொல்லுங்கள். பிரசவங்கள், கருச்சிதைவுகள், நடந்துகொண்டிருக்கும் புற்றுநோய் சிகிச்சை ஆகியவற்றை மறைக்காதீர்கள். மஜ்ஜை மாற்றிக்கொண்டவரின் குரூப் கொடையாளரின் குரூப்பாகவே மாறிவிடுவது உண்டு என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுக்க வருபவர் நோயாளியின் பெயரைக் கேட்காமல் ஊசி போட்டால் தடுத்து நிறுத்துங்கள், கட்டிலருகே நின்றே லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். அதில் நோயாளியின் பெயரும் இனிஷியலும் உள்நோயாளி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

அந்த வாசகருக்கு நேரடியாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஐயா, தங்கள் தந்தையாருக்கு ரத்தம் வழங்கிய ரத்த வங்கிக்கு மறுபடியும் ஒருமுறை சென்று, அன்று என்ன முரண்பாடு கண்டார்கள், எப்படித் தீர்த்தார்கள், இனி அவருக்கு எந்த ரத்தம் தரலாம், எது தரக் கூடாது என்பதை மருத்துவ அலுவலரின் கையொப்பத்துடன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைப் பெறும் உரிமை தங்களுக்கு உண்டு. அதன் நகலைத் தந்தையாரின் மருத்துவக் கோப்பிலும், இன்னொன்றை ஓட்டுநர் உரிமம் இருக்கும் அவருடைய பர்ஸிலும் வையுங்கள். அடுத்த முறை எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும், ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய தாள் அது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்புநர்,
தென்மாவட்டம்.